ஆடி அமாவாசையில் விட்டுப்போன 11 பெயர்கள்



நாங்கள் நம்ம கோவிலில் உபயப் பதிவு பார்க்கும் தொண்டர்கள். நாலு பேர். ஒருத்தர் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை, ஒருத்தர் பாலர் பள்ளி ஆசிரியை, ஒருத்தர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஒருத்தர் இன்னும் காலேஜ் படிக்கிற தம்பி. கவுன்டரில் ரசீது எழுதுவது, வாட்ஸ்அப்பில் வரும் பெயர்களைப் பட்டியலில் ஏற்றுவது, பூஜை அன்றைக்குக் குருக்கள் கையில் பெயர்த் தாளைக் கொடுப்பது, இதுதான் எங்கள் சேவை.

போன வருஷம் ஆடி அமாவாசை மோட்ச தீபத்தின்போது 11 பெயர்கள் வாசிக்கப்படாமல் போனது உங்களில் பலருக்குத் தெரியும். அதைப் பற்றி இன்னும் எங்களிடம் கேட்கிறீர்கள். "கம்ப்யூட்டர் கோளாறா?" என்று சிலர். "காசு கம்மியா கட்டினவங்க பேர விட்டுட்டீங்களா?" என்றுகூட ஒருத்தர் கேட்டார். மனசு கஷ்டமாக இருந்தது. ஆனால் கேட்டதில் தப்பில்லை. என்ன நடந்தது என்று நாங்கள் முழுசாகச் சொல்லவில்லை, அதுதான் தப்பு. இந்த வருஷப் பதிவு தொடங்குவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படிக்கவும். மற்ற கோவில்களில் இதே வேலை பார்க்கும் தொண்டர்களுக்கும் உதவும் என்று நம்புகிறோம்.

அன்றைக்கு இரவு 174 அகல் ஏற்றினோம். குருக்கள் ஐயா பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். வாசித்து முடித்து, தீபாராதனை ஆகி, கூட்டம் பிரசாதம் வாங்கிக்கொண்டு கிளம்பியது. நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். தூணோரம் ஒரு பாட்டி மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சிருச்சாப்பா?"

"முடிஞ்சிருச்சு பாட்டி. பிரசாதம் வாங்கிட்டீங்களா?"

"எங்க வீட்டுக்காரரு பேரு வரலியே."

சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த ரசீதை எடுத்துக் காட்டினார். 10 வெள்ளி. எங்கள் கையெழுத்துதான். தேதி சரி, பெயர் சரி. நாங்கள் வாசிப்புத் தாளை எடுத்து மேலிருந்து கீழ் வரை பார்த்தோம். தாத்தாவின் பெயர் இல்லை.

பாட்டி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் சொன்னது இது: "தோட்டத்துல காலையில பெரட்டுல கிராணி பேரு கூப்பிடுவாரு. கூப்பிடலேன்னா அன்னைக்குப் பேரு கிடையாது, சம்பளம் கிடையாது. எங்க வீட்டுக்காரரு முப்பது வருஷம் பால்மரம் சீவுனவரு. ஒரு நாளும் பெரட்டுல அவரு பேரு விட்டுப்போனதில்ல தம்பி."

ரசீதை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு மெதுவாகக் கிளம்பிவிட்டார். நம்ம கோவிலே தோட்டத்துக் கோவிலாக இருந்து தாமான் கோவிலாக ஆனதுதான். பெரட்டு என்றால் என்னவென்று எங்கள் அப்பா அம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அன்றைக்கு எங்கள் யாருக்கும் வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை.

இப்போது பட்டியல் எப்படித் தயார் செய்கிறோம் என்று சொல்ல வேண்டும்.

முன்பெல்லாம் நோட்டுப் புத்தகம்தான். அதைப் பார்த்து ஒருத்தர் சொல்ல, ஒருத்தர் தாளில் எழுதுவார். போன வருஷம் முதல் தடவையாக எல்லாப் பதிவையும் ஒரே கோப்பில் போட்டோம். அழகு அலங்காரம் இல்லாத வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு வரிக்கு ஒரு பதிவு. முதலில் சேவையின் பெயர், பிறகு ஒரு நெட்டைக் கோடு, பிறகு பெயர், நட்சத்திரம், ரசீது எண். அர்ச்சனை, அன்னதானம், மோட்ச தீபம் எல்லாமே அந்த ஒரு கோப்பில்தான். பார்ப்பதற்கு இப்படி இருக்கும்:

மோட்ச தீபம் | பெயர் | நட்சத்திரம் | ரசீது எண்

இதிலிருந்து மோட்ச தீப வரிகளை மட்டும் பிரித்தெடுக்கக் காலேஜ் தம்பி ஒரு வழி சொன்னார். கறுப்புத் திரையில் கட்டளை தட்டும் வழி. லினக்ஸ், மேக் இரண்டிலும் ஏற்கெனவே இருக்கிறது. கட்டளையின் பெயர் கிரெப். ஆங்கிலத்தில் ஜி, ஆர், இ, பி என்ற நாலு எழுத்து. கிரெப் என்று தட்டி, தேட வேண்டிய சொல்லைக் கொடுத்து, கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். அந்தச் சொல் இருக்கிற வரிகளை மட்டும் ஒரு நொடியில் காட்டிவிடும். ஆயிரம் வரி இருந்தாலும் ஒரு நொடிதான். எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. இரண்டு இரவு உட்கார்ந்து செய்கிற வேலை.

இந்தக் கருவி ஒன்றும் புதுசு இல்லை. 1973-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் எழுதியது. அங்கே லீ மெக்மான் என்பவர், யார் எழுதியது என்று பெயர் போடாமல் வெளிவந்த 85 பழைய அரசியல் கட்டுரைகளை ஆராய நினைத்தாராம். அந்தக் காலத்துக் கணினியின் திருத்தி மென்பொருளில் அவ்வளவு பெரிய எழுத்துக் கோப்பு அடங்கவில்லை. அந்தத் திருத்தியில் ‘கோப்பு முழுக்கத் தேடு, பொருந்துகிற வரியை அச்சிடு’ என்பதற்கு ஒரு சுருக்கக் கட்டளை இருந்தது. அதைத் தனியாகப் பிரித்து எடுத்ததுதான் கிரெப். பெயரும் அந்தச் சுருக்கத்திலிருந்து வந்ததுதான். பெயர் தெரியாதவர்களைத் தேடப் பயன்பட்ட கருவி, எங்கள் கையில் வந்து பெயர் தெரிந்தவர்களைத் தொலைத்துவிட்டது.

கருவி மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. நடந்ததைக் கேளுங்கள்.

அன்றைக்கு இரவு கோவில் அலுவலகத்தில் லேப்டாப்பைத் திறந்தோம். யாரோ கோப்பி கலக்கிக்கொண்டு வந்தார், யாரும் குடிக்கவில்லை. முதலில் கோப்பைத் திறந்து கண்ணால் தேடினோம். தாத்தாவின் வரி இருந்தது. ‘மோட்ச தீபம்’ என்று தெளிவாக இருந்தது. ஒரு எழுத்துப் பிழையும் இல்லை. ஆனால் கிரெப்பிடம் ‘மோட்ச தீபம்’ என்று கேட்டால் அந்த வரியைக் காட்டவில்லை. கண்ணுக்குத் தெரிகிறது, கருவிக்குத் தெரியவில்லை. நடுராத்திரியில், அதுவும் அமாவாசை இரவில், எங்களுக்கு உண்மையிலேயே கொஞ்சம் நடுக்கமாகத்தான் இருந்தது.

கிரெப்புக்குச் சில துணைக் குறிகள் உண்டு. ஒரு சின்னக் கோடு போட்டு ஓர் எழுத்தைச் சேர்த்தால் வேலை மாறும். சி என்று சேர்த்தால் வரிகளைக் காட்டாமல் எத்தனை வரி என்று மட்டும் சொல்லும். தம்பி அதைத் தட்டினார். ‘மோட்ச தீபம்’ எத்தனை? 163. ரசீதுப் புத்தகத்தை எண்ணினோம். 174. பதினொன்று குறைகிறது. பாட்டி மட்டும் இல்லை, இன்னும் பத்துக் குடும்பம்.

ஆசிரியை அக்கா, "முழுசாக் கேக்காம ‘தீபம்’னு மட்டும் கேட்டுப் பாரு தம்பி" என்றார். கேட்டோம். 174. சரியாக வந்தது! அப்படியென்றால் கோளாறு ‘மோட்ச’ என்ற சொல்லில்தான்.

வி என்று ஒரு துணைக் குறி இருக்கிறது. அந்தச் சொல் இல்லாத வரிகளை மட்டும் காட்டும். ‘தீபம்’ இருக்கிற, ஆனால் ‘மோட்ச’ இல்லாத வரிகளைக் கொடு என்று கேட்டோம். திரையில் 11 வரி வந்தது. பதினொன்றிலும் ‘மோட்ச தீபம்’ என்றுதான் எழுதியிருந்தது. மோட்சம் இல்லாத வரிகள் என்று கணினி எடுத்துக் கொடுத்த பட்டியலில் மோட்சம் என்றே எழுதியிருந்தது. நாலு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

காரணத்தை மறுநாள் தம்பி கண்டுபிடித்தார். எளிமையாகச் சொல்கிறோம்.

‘மோ’ என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒன்று, ‘ம’, அதோடு ‘ஓ’ ஒலிக்கான ஒரே குறி. இன்னொன்று, ‘ம’, பிறகு இரட்டைக் கொம்பு, பிறகு கால் என்று தனித்தனியாக. ‘மே’ எழுதி அதற்குப் பக்கத்தில் ஒரு காலைப் போட்டது மாதிரி. திரையில் இரண்டும் ஒரே ‘மோ’தான். எந்தக் கண்ணாலும் பிரிக்க முடியாது. ஆனால் உள்ளே முதல் விதத்துக்கு 6 பைட், இரண்டாவதுக்கு 9 பைட். கோப்பைப் பைட் பைட்டாகக் காட்டும் கட்டளையில் போட்டுப் பார்த்தபோது வித்தியாசம் அப்படியே தெரிந்தது. கிரெப் எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் குறியீட்டைத்தான் பார்க்கிறது. நாங்கள் முதல் விதத்தில் கேட்டோம். அது முதல் விதத்தை மட்டும் கொடுத்தது. கேட்டதைச் சரியாகத்தான் செய்தது.

ஏன் அந்த 11 வரி மட்டும் வேறு மாதிரி? அவை எல்லாம் வருஷா வருஷம் தவறாமல் கட்டுபவர்களின் வரிகள். ரொம்பப் பழைய பட்டியலிலிருந்து நகலெடுத்துப் போட்டோம். அந்தப் பட்டியல் யூனிகோடுக்கு முந்தைய ஒரு பழைய எழுத்துருவில் தட்டியது. அதில் கொம்பு தனி, கால் தனி. பிற்பாடு யூனிகோடுக்கு மாற்றியபோது கொம்பை எழுத்துக்குப் பின்னால் நகர்த்தியிருக்கிறார்கள், காலோடு சேர்த்து ஒன்றாக்கவில்லை. அத்தனை வருஷமும் கண்ணால் பார்த்து வாசித்ததால் யாருக்கும் தெரியவில்லை. கருவி வந்த முதல் வருஷம் மாட்டிக்கொண்டோம்.

இதை நினைத்தால்தான் இன்னும் வலிக்கிறது. விட்டுப்போனவர்கள் யாரும் புதிதாக வந்தவர்கள் இல்லை. கோவிலுக்கு அதிக வருஷமாக வந்துகொண்டிருப்பவர்கள்.

அந்த வாரமே 11 குடும்பங்களுக்கும் போன் போட்டோம். பாட்டி வீட்டுக்கு நேரில் போனோம். ஒருத்தர் நல்லாத் திட்டினார், வாங்கிக்கொண்டோம். குருக்கள் ஐயா, "மகாளய அமாவாசை பித்ருக்களுக்கு உகந்த நாள். அன்னைக்கு இந்தப் பதினொண்ணையும் முதல்ல வாசிச்சிட்டுத்தான் மத்தது" என்று சொல்லிவிட்டார்.

மகாளயத்துக்கு இரண்டு மாசம் இருந்தது. இந்தத் தடவை தப்பு நடக்கக் கூடாது. அப்படியும் இன்னொரு தப்பு நடக்கப் பார்த்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

முதலில் எழுத்துகளைச் சரி செய்தோம். யூகான்வ் என்று ஒரு கருவி இருக்கிறது. பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் ஒரே குறியாகச் சேர்க்கச் சொன்னால் கோப்பு முழுக்கச் சேர்த்துவிடும். சேர்த்த பிறகு ‘மோட்ச தீபம்’ கேட்டோம், ‘தீபம்’ கேட்டோம், இரண்டும் ஒரே எண்ணிக்கை வந்தது. பழைய 11, புதுசு 198, மொத்தம் 209. ரசீதும் 209.

அடுத்து, ஒவ்வொரு அகலுக்கும் எண் ஒட்டலாம் என்று முடிவு செய்தோம். குடும்பத்தார் கையில் அதே எண் போட்ட சீட்டு. உங்கள் விளக்கு எது என்று நீங்களே பார்க்கலாம். வரிக்கு எண் போட என்-எல் என்று ஒரு கட்டளை இருக்கிறது. கோப்பைக் கொடுத்தால் ஒன்று, இரண்டு என்று வரி முன்னால் எண் போட்டுக் கொடுக்கும். அதை வைத்துச் சீட்டு அச்சடித்தோம், அகலில் ஒட்டினோம். சீட்டைத் தொலைத்துவிட்டு வருபவர்களுக்காகக் கவுன்டரில் லேப்டாப் வைத்தோம். பெயரைக் கிரெப்பில் தேடும்போது என் என்ற துணைக் குறியைச் சேர்த்தால், அந்த வரி கோப்பில் எத்தனையாவது வரி என்றும் சொல்லும். வசதிதானே?

வெள்ளிக்கிழமை ஒத்திகை பார்த்தோம். ஆசிரியை அக்கா தன் மாமியார் பெயரைத் தேடினார். 168 என்று வந்தது. 168-ஆம் அகலைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, "அங்க வேற வீட்டுப் பேருல்ல இருக்கு!" என்றார். அவர் மாமியாருக்கு ஒட்டியிருந்த எண் 131.

எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. கடைசியில் விஷயம் ரொம்பச் சின்னது. படிக்க வசதியாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் நடுவில் ஒரு வெற்று வரி விட்டிருந்தோம். என்-எல் கட்டளை, நாம் வேறு மாதிரி சொல்லாத வரைக்கும், வெற்று வரியை எண்ணாது. எழுத்து இருக்கிற வரிக்கு மட்டும்தான் எண் போடும். கிரெப் எல்லா வரியையும் எண்ணும், வெற்று வரியையும் சேர்த்து. அக்கா மாமியாருக்கு முன்னால் 37 வெற்று வரி. 131-உம் 37-உம் 168. இரண்டு கருவியும் சரிதான். ஆனால் இரண்டும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. ஒன்று ‘எத்தனையாவது பதிவு’ என்று சொல்கிறது, மற்றது ‘எத்தனையாவது வரி’ என்று சொல்கிறது.

கேட் என்ற கட்டளைக்கு என் சேர்த்தாலும் வெற்று வரியையும் சேர்த்துத்தான் எண்ணும். என்-எல் கட்டளைக்கும் பி, ஏ என்று சேர்த்தால் எல்லா வரிக்கும் எண் போடும். அப்படிச் செய்தால் எல்லாம் ஒத்துப்போகும் என்று தம்பி சொன்னார். ஓய்வு பெற்ற ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் முன்பு கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். "இன்னைக்கு ஒத்துப்போகும். நாளைக்குப் பத்துப் பேரு புதுசா வருவாங்க, நீ அகர வரிசையில அடுக்குவே. அப்ப எல்லாருக்கும் எண் மாறிடும். வரி எண்ணுங்கிறது உட்காந்திருக்கிற நாற்காலியோட எண். ஆள் நகர்ந்தா எண்ணும் போயிடும். ரசீது எண் அப்படி இல்ல, அது ஆளோட போகும்" என்றார்.

அவர் சொன்னபடியே செய்தோம். ஒட்டிய 209 எண்ணையும் உரித்தோம். ஒவ்வொரு அகலிலும் ரசீது எண்ணையே எழுதினோம். உங்கள் கையில் இருக்கும் ரசீதின் எண்தான் உங்கள் விளக்கின் எண். எந்தக் கருவியில் தேடினாலும், எப்படி அடுக்கினாலும், அது மாறாது. இரவு ஒரு மணி ஆனது. பரவாயில்லை.

மகாளய அமாவாசை அன்றைக்கு, மற்ற கோவில் தொண்டர்களே, நாங்கள் இந்த மூன்றையும் செய்தோம். நீங்களும் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, தேடி எடுத்த வரிகளின் எண்ணிக்கையையும் ரசீதுப் புத்தகத்தின் எண்ணிக்கையையும் ஒத்துப் பார்ப்பது. கருவி தான் கண்டுபிடித்ததை மட்டும்தான் காட்டும். கண்டுபிடிக்காமல் விட்டதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. எங்கள் தவறின் வேர் அங்கேதான். ஆடி அமாவாசைக்கு முன்னால் ஒரே ஒரு தடவை எண்ணிப் பார்த்திருந்தால், 163-க்கும் 174-க்கும் உள்ள வித்தியாசம் அப்போதே தெரிந்திருக்கும். அந்தப் பாட்டி அவ்வளவு நேரம் காத்திருந்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, தமிழ் எழுத்தின் குணத்தைத் தெரிந்துகொண்டு தேடுவது. ‘கண’ என்று தேடினால் கணேசனும் வருவார், கண்ணனும் வருவார். ‘ண்’ என்பதைக் கணினி ‘ண’, அதன் மேல் ஒரு புள்ளி என்றுதான் வைத்திருக்கிறது. ‘உத்திர’ என்று தேடினால் உத்திரம், உத்திராடம், உத்திரட்டாதி மூன்று நட்சத்திரமும் சேர்ந்து வரும். நம்ம ஊரில் பெயர் எழுதும் விதம் வேறு பிரச்சினை. பிறப்புப் பத்திரத்தில் அன்றைக்கு எழுதினவர் காதில் விழுந்ததுதான் பெயர். லட்சுமி, லெட்சுமி, இலட்சுமி, லக்ஷ்மி எல்லாம் ஒரே தாயார்தான், கருவிக்கு நாலு பேர். அதனால் முழுப் பெயரைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் ‘இல்லை’ என்று சொல்லிவிடாதீர்கள். பெயரின் கடைசிப் பாதியை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். இந்த நாலில் மூன்று ‘ட்சுமி’ என்று கேட்டாலே வந்துவிடும். அப்புறம் ‘ஸ்ரீ’. அதையும் உள்ளே இரண்டு விதமாக எழுத முடியும், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கொம்பையும் காலையும் சேர்க்கிற கருவி இதைச் சரி செய்யாது. கோவில் பட்டியலில் ‘ஸ்ரீ’ இல்லாத பக்கமே கிடையாது, அதனால் தனியாகக் கவனியுங்கள்.

மூன்றாவது, வாசிப்புத் தாளை ஒரு வாரம் முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. பெயரும் ரசீது எண்ணும் மட்டும், போன் நம்பர், முகவரி எதுவும் வேண்டாம். நாங்கள் எவ்வளவு தேடினாலும், உங்கள் வீட்டுப் பெயர் விட்டுப்போனது உங்கள் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும்.

மகாளய அன்று குருக்கள் ஐயா சொன்னபடி அந்த 11 பெயரைத்தான் முதலில் வாசித்தார். பாட்டி அதே தூணோரம் உட்கார்ந்திருந்தார். தாத்தாவின் பெயர் வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார், அவ்வளவுதான். எங்களைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. தாத்தாவின் பெயரை இங்கே எழுதவில்லை, அது அந்தக் குடும்பத்துக்குரியது.

பூஜை முடிந்து கிளம்பும்போது கவுன்டரில் நின்று, "அடுத்த வருஷத்துக்கு இப்பவே எழுதிக்கலாமா?" என்று கேட்டார். எழுதிக்கொண்டோம். அவர் ரசீதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அந்த முடிச்சைப் பார்க்கும்போது எங்களுக்கு இருந்த பயம் கொஞ்ச நஞ்சமில்லை. அந்தப் பயம் இருக்கட்டும், நல்லதுதான் என்று இப்போது நினைக்கிறோம்.

இந்த வருஷ ஆடி அமாவாசைப் பட்டியல் வரும் ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அறிவிப்புப் பலகையில் இருக்கும். பதிவு செய்த எல்லாரும் தயவுசெய்து ரசீதோடு வந்து உங்கள் பெயரைப் பார்த்துவிட்டுப் போங்கள். வீட்டில் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் கூட வந்து படித்துக் காட்டுங்கள். பெயர் இல்லை என்றால் கூச்சப்படாமல் எங்களிடம் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, வாசிப்பதற்கு முன்னால் திட்டுங்கள்.

அந்த 11 குடும்பங்களிடமும் மறுபடி ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அன்னையின் திருவடியில்,
உபயப் பதிவுத் தொண்டர்கள் 🙏